சிறு தொகைக்குத் தனி ஏடு

தாராவியின் தமிழர் குடியிருப்புகளில் பொழுது புலர்வதற்கு வெகு நேரம் முன்பே இட்டிலிப் பானைகள் அடுப்பில் ஏறிவிடுகின்றன. விடிந்ததும் பெரிய அலுமினியப் பாத்திரங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வியாபாரிகள் மாட்டுங்கா, செம்பூர் என நகரின் பல பகுதிகளுக்கும் புறப்படுகின்றனர். இவர்களிடம் ஒரு தடவையில் கைமாறும் தொகை முப்பது அல்லது நாற்பது ரூபாய்தான். அதில் இலாபமாக மிஞ்சுவதோ மிகச் சில ரூபாய்களே. இத்தகைய வியாபாரத்தில் பணத்தைக் கைமாற்றுவதற்கு மட்டும் ஐந்து ரூபாய் செலவாகுமானால் வியாபாரமே நின்றுவிடும். மின்னணு முறையில் பணம் செலுத்தும் ஏற்பாடு எதுவாயினும், அது ஏழை எளியவரின் சந்தைக்கு வந்து சேருமா என்பதை இந்த ஒரு கணக்கே தீர்மானிக்கிறது.

தாராவிக்கு வடக்கே மித்தி ஆறு ஓடுகிறது. ஆற்றைத் தாண்டினால் பாந்த்ரா–குர்லா வளாகம். நாட்டின் யூ.பி.ஐ. முறையை நடத்திவரும் இந்திய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. இட்டிலி வியாபாரியின் பிரச்சினையை ஆற்றின் அக்கரையில் உள்ளவர்கள் ஒரு வழியில் தீர்க்க முயன்றனர். பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களை உருவாக்கியவர்கள் இன்னொரு வழியில் முயன்றனர். இரு சாராரும் ஒருவரையொருவர் கலந்துகொண்டு செய்யவில்லை. ஆயினும் இருவரும் வந்து சேர்ந்த விடை ஏறத்தாழ ஒன்றே: சிறு தொகைகளைப் பெரிய பேரேட்டில் எழுதாதே, அவற்றுக்குத் தனியாக ஒரு துணை ஏடு வைத்துக்கொள். இதையே தொழில்நுட்ப வல்லுநர்கள் ‘இரண்டாம் அடுக்கு’ என்று குறிப்பிடுகின்றனர்.

பேரேட்டில் இடம் நெருக்கடி

பிட்காயினின் பேரேடு 2009ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கப்பட்டது. இதற்கு வங்கியோ அரசோ பொறுப்பு அல்ல. உலகெங்கும் உள்ள பல்லாயிரம் கணினிகள் ஒரே பேரேட்டின் படியைத் தனித்தனியே வைத்திருக்கின்றன. ஏறத்தாழப் பத்து நிமிடங்களுக்கு ஒரு முறை புதிய பக்கம் ஒன்று அதில் சேர்க்கப்படுகிறது. ஒவ்வொரு பதிவையும் எல்லாக் கணினிகளும் சரிபார்த்து, என்றென்றைக்கும் வைத்திருக்க வேண்டும். எனவே பக்கத்தின் அளவு வேண்டுமென்றே சிறியதாக வைக்கப்பட்டுள்ளது. இதன் விளைவாக, உலகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு நொடியில் சுமார் ஏழு பதிவுகளுக்கே அங்கு இடம் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், 2025 ஆகஸ்டு மாதத்தில் யூ.பி.ஐ. மூலம் நடந்த பட்டுவாடாக்கள் 2,000 கோடியைத் தாண்டின. சராசரியாக நொடிக்கு ஏறத்தாழ 7,400.

இடம் குறைவாகவும் கேட்பவர் பலராகவும் இருந்தால் அது ஏலத்துக்கு வருவது இயற்கை. பிட்காயின் பேரேட்டில் கட்டணம் என்பது இந்த ஏலத்தின் விலையே. அனுப்பும் தொகை எவ்வளவு என்பதைப் பொறுத்து அது அமைவதில்லை. பக்கத்தில் அந்தப் பதிவு எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதையே பொறுத்தது. முப்பது கோடி ரூபாய் அனுப்புபவரும் முப்பது ரூபாய் அனுப்புபவரும் ஒரே இடத்துக்கு ஒரே விலை தர வேண்டும். 2017 டிசம்பரில் நெருக்கடி உச்சத்தை எட்டியபோது, ஒரு பதிவுக்கான சராசரிக் கட்டணம் 50 டாலருக்கு மேல் சென்றது. அன்றைய மதிப்பில் அது மூவாயிரம் ரூபாய்க்கும் அதிகம். எல்லோருக்கும் பொதுவான பணம் என்று சொல்லப்பட்ட ஒன்றினால் ஒரு தட்டு இட்டிலி வாங்க இயலாத நிலை ஏற்பட்டது.

பற்று நோட்டின் தத்துவம்

இந்தச் சிக்கலுக்கு 2015–16இல் ஜோசப் பூன், தாடியஸ் ட்ரைஜா ஆகிய இருவரும் ஒரு தீர்வை முன்வைத்தனர். ‘லைட்னிங்’ எனப் பெயரிடப்பட்ட இத்திட்டம் 2018ஆம் ஆண்டில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. மின்னல் என்னும் பெயர் புதிதே தவிர, அதன் அடிப்படை மளிகைக் கடைப் பற்று நோட்டை அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. மாதச் சம்பளக்காரர் ஒருவர் கடையில் நாள்தோறும் சாமான் வாங்குகிறார், நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள், முதல் தேதியன்று ஒரே தடவையில் கணக்குத் தீர்க்கிறார்கள். முப்பது கொள்முதலுக்கு ஒரு பட்டுவாடா. பொருளைப் பெற்றுக்கொள்வது வேறு, கணக்குத் தீர்ப்பது வேறு என்று பிரித்துவிட்டதனால் வந்த சிக்கனம் இது.

பற்று நோட்டுக்கு ஒரு குறை உண்டு. கடைக்காரரும் வாடிக்கைக்காரரும் ஒருவரையொருவர் நம்ப வேண்டும். முகம் தெரியாதவர்களிடையே இது நடவாது. லைட்னிங் ஏற்பாடு நம்பிக்கையின் இடத்தில் பிணைத்தொகையை வைக்கிறது.

மாட்டுங்காவில் உள்ள ஒரு உணவு விடுதியையும், அங்கே தினமும் நூறு ரூபாய்க்குச் சாப்பிடும் ஓர் அலுவலகப் பணியாளரையும் எடுத்துக்கொள்வோம். பணியாளர் 3,000 ரூபாய் மதிப்புள்ள நாணயத்தை இருவர் பெயரிலும் பூட்டி வைக்கிறார். இருவரும் கையொப்பமிட்டாலன்றி அந்தப் பூட்டு திறக்காது. பூட்டி வைத்த செய்தி மட்டும் பெரிய பேரேட்டில் பதிவாகிறது. அதற்குரிய கட்டணமும் செலுத்தப்படுகிறது. முதல் நாள் சாப்பாட்டுக்குப் பின், ‘பணியாளருக்கு 2,900, விடுதிக்கு 100’ என்று ஒரு சீட்டு எழுதி இருவரும் கையொப்பமிடுகின்றனர். மறுநாள் அந்தச் சீட்டை இரத்துச் செய்து, ‘2,800, 200’ என்று புதிய சீட்டு எழுதப்படுகிறது. இந்தச் சீட்டுகள் எல்லாம் இருவருடைய கைபேசிகளில் மட்டுமே இருக்கும். பேரேட்டுக்குப் போகமாட்டா, ஆகவே அவற்றுக்குக் கட்டணமும் இல்லை. மாத முடிவில் கடைசிச் சீட்டைப் பேரேட்டில் பதிந்து கணக்கை முடிக்கலாம். முப்பது பதிவுகளுக்குப் பதிலாக இரண்டே பதிவுகள்.

பணியாளர் ஏமாற்ற நினைத்துப் பழைய சீட்டைப் பேரேட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? இக்கேள்விக்கு அளிக்கப்பட்ட விடையே லைட்னிங்கின் உயிர்நாடி. ஒவ்வொரு சீட்டையும் இரத்துச் செய்யும்போது, அதற்குரிய இரகசியத் திறவுகோல் ஒன்றை இருவரும் பரிமாறிக்கொள்கிறார்கள். பழைய சீட்டு யாராலாவது பதியப்பட்டால், குறித்த கால அளவுக்குள் மற்றவர் அந்தத் திறவுகோலைக் காட்டி, பூட்டிய தொகை முழுவதையும் தாமே எடுத்துக்கொள்ளலாம். நூறு ரூபாய்க்கு ஆசைப்பட்டவர் மூவாயிரத்தையும் இழப்பார். ஆனால் ஏமாற்றப்படுபவர் அந்தக் கால அளவுக்குள் விழித்திருந்து கவனிக்க வேண்டும் என்பது இதில் மறைந்திருக்கும் நிபந்தனை. அதற்கென்றே ‘காவற்கோபுரம்’ எனப்படும் கண்காணிப்புச் சேவைகளும் தோன்றியுள்ளன.

உண்டியல் முறையின் மறுபிறப்பு

உலகில் உள்ள ஒவ்வொருவரோடும் தனித்தனியே பணம் பூட்டி வைக்க எவராலும் முடியாது. இங்கேதான் திட்டத்தின் இரண்டாம் பகுதி வருகிறது. செம்பூரில் உள்ள ஒருவர் தாராவியில் தோல் பை செய்யும் பட்டறைக்கு 500 ரூபாய் அனுப்ப வேண்டும். இருவருக்கும் இடையே நேரடிக் கணக்கு இல்லை. ஆனால் இருவரும் மாட்டுங்காவில் உள்ள ஒரு கடையோடு கணக்கு வைத்திருக்கிறார்கள். பட்டறைக்காரர் ஒரு இரகசியச் சொல்லைத் தேர்ந்து, அச்சொல்லைச் சொல்லாமல், அதன் முத்திரையை மட்டும் செம்பூர்க்காரருக்கு அனுப்புகிறார். முத்திரையிலிருந்து சொல்லைக் கண்டுபிடிக்க முடியாது. சொல் கிடைத்தால் முத்திரையோடு பொருந்துகிறதா என்று சரிபார்க்க முடியும். ‘இந்த முத்திரைக்குப் பொருந்தும் சொல்லை இரண்டு நாளுக்குள் காட்டினால் 500 ரூபாயும் சிறு கூலியும் தருவேன்’ என்று செம்பூர்க்காரர் மாட்டுங்காக் கடைக்கு உறுதி தருகிறார். கடைக்காரர் பட்டறைக்கு அதே உறுதியை ஒரு நாள் கெடுவோடு தருகிறார். பட்டறைக்காரர் சொல்லைக் காட்டி 500 ரூபாயைப் பெறுகிறார். கடைக்காரர் அதே சொல்லைச் செம்பூரில் காட்டித் தம் தொகையைப் பெறுகிறார். இடையில் நிற்பவர் பணத்தை எடுத்துக்கொண்டு ஓட வழியில்லை. சொல் வெளிப்படாவிட்டால் கெடு கழிந்ததும் அவரவர் பணம் அவரவரிடமே திரும்பிவிடும். இவை யாவும் கணினிகளால் சில நொடிகளில் நடந்து முடிகின்றன. கூலியோ சிறு தொகைகளுக்குப் பல சமயங்களில் ஒரு ரூபாய்க்கும் குறைவு.

நாட்டுக்கோட்டை நகரத்தார் சென்னையிலிருந்து இரங்கூனுக்கும் கொழும்புக்கும் பினாங்குக்கும் உண்டியல் எழுதிப் பணம் அனுப்பிய காலத்திலும் நாணய மூட்டைகள் ஒவ்வொரு தடவையும் கப்பலேறவில்லை. கடைக்குக் கடை பற்று வரவாக எழுதி, நிகரத் தொகையை மட்டும் பின்னர் தீர்த்துக்கொண்டார்கள். அங்கே சங்கிலியைத் தாங்கி நின்றது குடும்பப் பெயரும் வாக்குச் சுத்தமும். இங்கே தாங்குவது கணிதம்.

ஆயினும் இட்டிலி வியாபாரியின் கோணத்திலிருந்து பார்த்தால் இந்த அழகிய அமைப்பில் ஒரு பெரிய இடையூறு தென்படுகிறது. சந்தையில் அவர் பெரும்பாலும் பணம் வாங்குபவர், கொடுப்பவர் அல்லர். ஒரு கணக்கில் பூட்டிய தொகை எவ்வளவோ, அவ்வளவுதான் அதில் நகர முடியும். அவர் பக்கம் முழுவதும் நிரம்பிவிட்டால் அதற்கு மேல் ஒரு ரூபாயும் அவரால் பெற இயலாது. எதிர்ப் பக்கத்தில் வேறொருவர் தம் முதலைக் கொண்டுவந்து பூட்ட வேண்டும். அந்த முதலுக்கு ஒரு விலை உண்டு. அன்றாடம் உளுந்துக்கும் அரிசிக்கும் கடன் வாங்குபவரிடம் ‘நீர் பணம் பெறுவதற்காக யாரேனும் முதல் முடக்க வேண்டும்’ என்று கூறுவது நடைமுறைக்கு ஒவ்வாது. இதனால் சிறு பயனீட்டாளர்களில் பலர், பூட்டும் திறவுகோலும் ஒரு நிறுவனத்திடமே இருக்கும் பணப்பை ஒன்றையே பயன்படுத்துகின்றனர். இடையாள் வேண்டாம் என்று புறப்பட்ட முறை, மக்கள் கைக்கு வரும்போது இன்னொரு இடையாளோடு வந்து சேருகிறது. எல் சால்வடார் நாடு 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டபூர்வ நாணயமாக அறிவித்து, லைட்னிங் வசதியுள்ள பணப்பை ஒன்றை அரசின் சார்பிலேயே மக்களுக்கு வழங்கியது. பெரும்பாலோர் டாலரிலேயே வாங்கி விற்றனர். 2025 ஜனவரியில் சட்டம் திருத்தப்பட்டு, பிட்காயினை ஏற்பது வியாபாரிகளின் விருப்பத்துக்கு விடப்பட்டது.

மும்பையில் பிறந்த ஒரு முயற்சி

எத்தீரியம் என்னும் மற்றொரு பேரேட்டைச் சேர்ந்தோர் வேறு வகைத் துணை ஏட்டை உருவாக்கினர். இதில் இருவருக்கு இடையே பூட்டு இல்லை. ஆயிரக்கணக்கானோரின் கொடுக்கல் வாங்கல்கள் வெளியே ஓரிடத்தில் நடக்கின்றன. அவற்றைச் சுருக்கி, ஒரே கட்டாகக் கட்டி, பெரிய பேரேட்டில் ஒரு பதிவாக எழுதுகிறார்கள். ஒரு பதிவின் கட்டணம் ஆயிரம் பேருக்குப் பங்கிடப்படுகிறது. கட்டுக்குள் பொய்க்கணக்கு இருந்தால் குறித்த நாட்களுக்குள் எவரும் ஆட்சேபிக்கலாம் என்பது ஒரு முறை. கணக்குச் சரியென்பதற்குக் கணித நிரூபணத்தையே சேர்த்து அனுப்புவது இன்னொரு முறை. 2024 மார்ச்சில் எத்தீரியத்தில் இத்தகைய கட்டுகளுக்கெனத் தனி இடம் ஒதுக்கப்பட்ட பிறகு கட்டணங்கள் பெரிதும் வீழ்ந்தன.

இத்துறையில் உலகப் பெயர் பெற்ற முயற்சிகளுள் ஒன்று மும்பையில் பிறந்தது. ஜயந்தி கனானி, சந்தீப் நைல்வால், அனுராக் அர்ஜுன் ஆகியோர் 2017ஆம் ஆண்டில் ‘மேட்டிக்’ என்ற பெயரில் தொடங்கிய இணையம் 2021இல் ‘பாலிகான்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. அது எத்தீரியத்துக்குப் பக்கத்தில் தனிப் பேரேடு ஒன்றை நடத்தி, அவ்வப்போது தன் கணக்கின் முத்திரையை எத்தீரியத்தில் பதிந்து வந்தது. கண்டிப்பான பொருளில் இதை இரண்டாம் அடுக்கு என்று கூறலாமா என்பதில் வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஏனெனில் அதன் பாதுகாப்பு பெரும்பாலும் அதன் சொந்தக் காவலர்களையே சார்ந்தது. அதன் சோதனைத் தளத்துக்கு ‘மும்பை’ என்றே பெயர் சூட்டியிருந்தனர். 2024 ஏப்ரலில் அந்தத் தளம் மூடப்படும் வரை, உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் தம் முதல் சோதனைகளை ‘மும்பை’யில்தான் செய்து பார்த்தார்கள்.

ஆனால் மும்பை நகரத்தில் அந்த நாணயத்தைக் கொடுத்துக் காய்கறி வாங்குவது எளிதன்று. கிரிப்டோ நாணயங்களுடன் தொடர்புடைய எவருக்கும் வங்கிகள் சேவை அளிக்கக் கூடாது என்று பாரத ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. அதன் பின் 2022ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின்படி இத்தகைய சொத்துக்களின் ஆதாயத்துக்கு 30 சதவீத வரி விதிக்கப்பட்டது. குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட கைமாற்றங்களில் 1 சதவீதம் முன்கூட்டியே பிடித்தம் செய்யும் விதியும் அவ்வாண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் பார்வையில் கிரிப்டோ நாணயம் பணம் அல்ல, சொத்து. சொத்தைக் கொடுத்து இட்டிலி வாங்கினால், அந்தச் சொத்து வாங்கிய விலை என்ன, இன்றைய விலை என்ன, ஆதாயம் எவ்வளவு என்று கணக்கு எழுத வேண்டும். தொழில்நுட்பம் கட்டணத்தைக் காசுக்குக் குறைத்த இடத்தில் கணக்கு எழுதும் சுமை அதைவிடப் பெரிதாக வந்து நிற்கிறது.

அக்கரையில் கிடைத்த விடை

யூ.பி.ஐ. முறையும் உண்மையில் ஓர் அடுக்கின் மேல் கட்டப்பட்டதே. ஒருவர் பணம் அனுப்பியதும் பெறுபவரின் கணக்கில் வரவு விழுந்துவிடுகிறது. வங்கிகளுக்கு இடையிலான நிகரத் தொகை மட்டும், ஒரு நாளில் பல தவணைகளாக, ரிசர்வ் வங்கியில் தீர்க்கப்படுகிறது. ஆயினும் ஒவ்வொரு பத்து ரூபாய்க்கும் அனுப்புபவரின் வங்கிக் கணினி ஒரு முறை விழித்தெழுந்து, இருப்பைப் பார்த்து, கழித்து, பாஸ் புத்தகத்தில் எழுத வேண்டியிருந்தது. யூ.பி.ஐ. பட்டுவாடாக்களில் பாதி 200 ரூபாய்க்குக் குறைந்தவை என்றும், அவை வங்கிகளின் கணினித் திறனைப் பெருமளவு விழுங்குகின்றன என்றும், சில நேரங்களில் பட்டுவாடா தோல்வியுறுகிறது என்றும் ரிசர்வ் வங்கி 2021 டிசம்பரில் சுட்டிக்காட்டியது. பிட்காயின் பேரேட்டில் கட்டண உயர்வாக வெளிப்பட்ட அதே நோய், இங்கே ‘சர்வர் டவுன்’ என்ற வடிவில் வெளிப்பட்டது எனலாம்.

அதற்கு மருந்தாக 2022 செப்டம்பரில் வந்தது யூ.பி.ஐ. லைட். கணக்கு வைத்திருப்பவர் ஒரு சிறு தொகையைத் தம் கைபேசியில் உள்ள பையில் ஒரே தடவையாக மாற்றி வைத்துக்கொள்கிறார். வங்கியின் ஏட்டில் அந்த ஒரு பதிவு மட்டுமே விழும். அதன் பிறகு தேநீருக்கும் இட்டிலிக்கும் பையிலிருந்து செலுத்தலாம். இரகசிய எண்ணைத் தட்ட வேண்டியதில்லை. அனுப்புபவரின் வங்கிப் பேரேடு ஒவ்வொரு தடவையும் குறுக்கிட வேண்டியதில்லை. தொடக்கத்தில் ஒரு தடவைக்கு 200 ரூபாய், பையில் மொத்தம் 2,000 ரூபாய் என்று வரம்பு இருந்தது. 2023இல் ஒரு தடவைக்கான வரம்பு 500 ஆகவும், 2024 டிசம்பரில் 1,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. பையின் வரம்பு 5,000 ஆயிற்று. இந்த வரம்புகள் காரணமின்றி வைக்கப்பட்டவை அல்ல. இரகசிய எண் இல்லாத பை, திறந்த கைபேசியோடு வேறொருவர் கையில் சிக்கினால், அதில் உள்ள தொகை போகக்கூடும். வரம்பு என்பது அந்த இழப்புக்கு இடப்பட்ட வேலி. லைட்னிங்கில் பூட்டும் தண்டனையும் செய்யும் வேலையை இங்கே வேலியும், வங்கிகள் மீதான அரசின் ஒழுங்குமுறையும் செய்கின்றன.

இதில் முதல் முடக்கம் வாங்குபவர் பக்கம் இல்லை என்பதே முக்கிய வேறுபாடு. இட்டிலி வியாபாரியின் கணக்கில் வரவு நேரடியாக விழுகிறது. அவர் பெறக்கூடிய தொகைக்கு எவரும் எதிர்ப் பக்கத்தில் பிணை வைக்க வேண்டியதில்லை. வாடிக்கைக்காரரின் சில நூறு ரூபாய் வட்டியின்றிப் பையில் கிடக்கிறது, அவ்வளவே.

மலிவு என்றால் செலவே இல்லை என்று பொருளல்ல. 2020 ஜனவரி முதல் யூ.பி.ஐ. மூலம் பணம் பெறும் வியாபாரிகளிடம் வங்கிகள் தள்ளுபடிக் கட்டணம் வாங்கக்கூடாது என்று அரசு விதித்துள்ளது. கணினிகளையும் ஊழியர்களையும் பராமரிக்கும் செலவு அதனால் மறைந்துவிடவில்லை. 2024–25ஆம் ஆண்டில் சிறு வியாபாரிகளுக்குச் செலுத்தப்படும் 2,000 ரூபாய் வரையிலான தொகைகளுக்கு 0.15 சதவீதம் ஊக்கத்தொகை வழங்க மத்திய அரசு ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய் ஒதுக்கியது. கிரிப்டோ முறையில் கட்டணத்தைப் பயன்படுத்துபவர் தருகிறார். இங்கே ஒரு பகுதியை வரி செலுத்துவோரும் மறுபகுதியை வங்கிகளும் ஏற்கின்றனர். துணை ஏடு செலவைக் குறைப்பதால், இந்தப் பங்கீட்டுச் சுமையும் குறையும் என்ற நியாயம் யூ.பி.ஐ. லைட்டுக்குக் கூடுதல் வலுவைத் தருகிறது.

தொலைபேசிச் சமிக்ஞை கிடைக்காத இடங்களுக்காக 2023 செப்டம்பரில் யூ.பி.ஐ. லைட் எக்ஸ் என்ற முறை அறிமுகமாயிற்று. கொடுப்பவர், பெறுபவர் இருவரின் கைபேசிகளும் இணையத் தொடர்பு இல்லாமலேயே, ஒன்றையொன்று நெருங்கி வைத்தவுடன் பணத்தை மாற்றிக்கொள்ளும். தகரக் கூரைகள் நெருங்கிய தாராவிச் சந்துகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருக்க முடியாது. ஆனால் இதற்கு இருவர் கைபேசியிலும் ‘என்.எஃப்.சி.’ எனப்படும் அண்மைத் தொடர்புச் சில்லு வேண்டும். விலை குறைந்த கைபேசிகள் பலவற்றில் அந்தச் சில்லு இல்லை. எனவே இட்டிலிப் பாத்திரத்தின் மூடியில் ஒட்டிய க்யூ.ஆர். காகிதமே இன்றும் செம்பூர்த் தெருக்களில் பணம் வாங்கித் தருகிறது. ஆவியில் நனைந்து மை கலங்கும்போது புதிய காகிதம் ஒன்று ஒட்டப்படுகிறது.